கையெழுத்து வாங்கியதும் விசாரணை முடிந்துவிடுகிறதா? அட்டர்னி ஜெனரல் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொரீசியஸ் குடியரசின் அட்டர்னி ஜெனரல் அவர்களுக்கும், தேசியப் பேரவையின் உறுப்பினர்களுக்கும்,

என் பழைய மாணவன் ஒருவன் தான் செய்யாத திருட்டுக்காகச் சிறைத்தண்டனை அனுபவித்து வெளியே வந்திருக்கிறான். அந்தத் தண்டனையை மறுபடி ஆராயுமாறு அவனுடைய தாயாரின் சார்பில் நான் எழுதிய விண்ணப்பத்துக்கு, பொறுப்பான ஓர் அலுவலகத்திலிருந்து சென்ற மாதம் பதில் வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அவனே கையெழுத்திட்டிருப்பதாலும், நீதிமன்றத்திலும் அதை மறுக்காததாலும், மேற்கொண்டு விசாரிக்க எதுவும் இல்லை என்பதே அதன் சாரம். நாங்கள் இணைத்து அனுப்பிய சான்றுகளைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. இதை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. அப்படிப் பதில் எழுத ஓர் அலுவலருக்கு இடம் கொடுக்கும் நடைமுறையை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால், உங்களுக்கே எழுதுகிறேன்.

நாட்டின் கிழக்குப் பகுதியில், கரும்புத் தோட்டங்களை ஒட்டிய எங்கள் ஊரில், தைப்பூசக் காவடிக்கு முந்தைய நோன்பு நாள்களில் ஓர் இரவு, பலசரக்குக் கடை ஒன்று உடைக்கப்பட்டது. ரொக்கமும் சிகரெட் பெட்டிகளும், கடைக்காரரின் தந்தை பெயர் பொறித்த பழைய பணப்பெட்டியும் களவு போயின. அடுத்த நாள் விடியுமுன் காவலர்கள் என் மாணவனை வீட்டிலிருந்து கூட்டிச் சென்றார்கள். அவன் முன்பு சில வாரங்கள் அந்தக் கடையில் மூட்டை தூக்கும் வேலை பார்த்தவன். இதைத் தவிர அவன்மேல் சந்தேகப்பட வேறு காரணம் இருந்ததாக எந்த ஆவணத்திலும் நான் காணவில்லை. அப்போது அவனுக்கு வயது 20. கொத்தனாருக்கு எடுபிடியாக வேலை செய்துகொண்டிருந்தான். பள்ளியில் எழுத்துக் கூட்டி வாசிக்கவே திணறியவன். பெரியவர்கள் ஒன்றை இரண்டாம் முறை அழுத்திக் கேட்டால், சரியோ தவறோ, ஆமாம் என்று சொல்லிவிடுவான். வகுப்பில் இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

காவல் நிலையத்தில் அவனிடம் வழக்கறிஞரைப் பற்றி யாரும் பேசவில்லை. காதோடு சேர்த்து அறைந்தார்கள் என்கிறான். இரவு முழுவதும் நாற்காலியில் உட்கார வைத்து, கண் அயரும்போதெல்லாம் உலுக்கி எழுப்பினார்கள் என்கிறான். அவன் தாங்கிக்கொள்ள முடியாமல் போனது அடியை அல்ல. திருட்டுப் பொருளை ஒளித்து வைத்ததாகச் சொல்லி அம்மாவையும் கொண்டு வந்து அடைப்போம் என்றபோதுதான் அவன் உடைந்து போனான். கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். “அவர்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன், மிஸ்” என்றுதான் பின்னர் சிறைப் பார்வையாளர் அறையில் என்னிடம் கூறினான். எழுதியது முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது என்ற வரி வாக்குமூலத்தின் அடியில் இருக்கிறது. யாரும் வாசித்துக் காட்டவில்லை என்பது அவன் சொல். இரண்டில் எது உண்மை என்பதை இன்று எவராலும் நிறுவ முடியாது, ஏனெனில் அந்த அறையில் நடந்தது எதுவும் பதிவாகவில்லை.

ஆனால் அந்தக் காகிதங்களே ஒன்றைக் காட்டுகின்றன. அவனிடம் இரண்டு வாக்குமூலங்கள் வாங்கியிருக்கிறார்கள். முதலாவதில், கடையின் பின்கதவை நெம்பி உள்ளே போனதாக இருக்கிறது. அந்தக் கடைக்குப் பின்கதவு இருந்தது உண்மை. ஆனால் அது பல காலமாகச் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. திருடன் கூரைத் தகரத்தைப் பிரித்து இறங்கியிருக்கிறான். காவலர்கள் கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகு எழுதப்பட்ட இரண்டாம் வாக்குமூலத்தில் பின்கதவு மறைந்து, கூரைத் தகரம் வந்துவிட்டது. திருடியவனுக்குத் தான் எந்த வழியாக உள்ளே போனோம் என்பது முதல் நாளே தெரிந்திருக்கும். விசாரித்தவருக்கே அது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்திருந்தாலே போதும், வழக்கு அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

அதைவிடவும் என்னை வருத்துவது, கேட்கப்படாமலே போன கேள்விகள்தான். கடை உடைக்கப்பட்ட இரவில் அவன் கோவிலில் இருந்தான். காவடிக்கு மூங்கில் வளைத்து, பூவும் தென்னங்குருத்தும் கட்டிக்கொண்டிருந்தவர்களோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் பலர். கோவில் நிர்வாகிகளில் எவரிடமும் காவலர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூரைத் தகரத்தில் கைரேகை எடுக்கப்பட்டதாகவும் குறிப்பு இல்லை. கையெழுத்து கிடைத்தவுடன் விசாரணை முடிந்துவிட்டது. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நின்றவனிடம், மறுத்தால் வழக்கு இழுக்கும், ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் ஒப்புக்கொண்டான். கிடைத்தது சிறை.

அவன் தண்டனை முடிந்து வெளியே வந்த பிறகு, வேறொரு கடையை உடைத்ததாகப் பிடிபட்ட ஒருவன் வீட்டில் அந்தப் பணப்பெட்டி அகப்பட்டது. கடைக்காரர் நேரில் போய் அடையாளம் காட்டினார். அந்த மனிதருக்கும் என் மாணவனுக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் மேல்முறையீட்டுக் காலம் கடந்துவிட்டது; தீர்ப்பு அப்படியே நிற்கிறது. வேலை தருகிறோம் என்பவர்கள் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறார்கள். அவனால் அதைக் கொடுக்க முடியவில்லை. இந்தத் தீவில் விடுதி வேலைக்கோ பாதுகாவலர் வேலைக்கோ போக நினைக்கும் ஏழைப் பிள்ளைக்கு அந்தக் காகிதம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

செய்யாத குற்றத்தை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று படித்தவர்களே என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு உலகம் அறிந்த சில வழக்குகளை நினைவூட்டினேன், உங்களுக்கும் நினைவூட்டுகிறேன். அமெரிக்காவில் டி.என்.ஏ. சோதனையால் நிரபராதிகள் என்று நிரூபிக்கப்பட்டவர்கள் 300 பேருக்கும் மேல். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமானோரின் வழக்குகளில் பொய்யான ஒப்புதல் இருந்தது. சப்பானில் ஹக்கமாடா இவாவோ என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரர் 1966இல் கைதாகி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணிநேரம் என்று வாரக்கணக்கில் விசாரிக்கப்பட்டு, கொலையை ஒப்புக்கொண்டார். அவரிடம் வாங்கிய 45 ஒப்புதல் ஆவணங்களில் 44ஐ விசாரணை நீதிமன்றமே ஏற்க முடியாதென ஒதுக்கியது. எஞ்சிய ஒன்றை ஏற்று 1968இல் மரண தண்டனை விதித்தது. அவர் விடுவிக்கப்பட்டது 2014இல். நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 2024 செப்டம்பரில், அவருடைய 88ஆம் வயதில். 44 காகிதங்கள் எப்படி வாங்கப்பட்டன என்று தெரிந்த பிறகும், 45ஆவது காகிதத்தை நம்பலாம் என்று நீதிபதிகளுக்குத் தோன்றியிருக்கிறது. ஒப்புதல் என்ற ஒன்று கோப்பில் இருந்துவிட்டால் மற்ற எல்லாச் சான்றுகளின் எடையும் எப்படிக் குறைந்துவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வழக்கும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் வழக்கை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. 1989 ஏப்ரலில் ஒரு பெண் அங்கே கொடூரமாகத் தாக்கப்பட்ட வழக்கில் 14 முதல் 16 வயது வரையிலான ஐந்து பையன்கள் பிடிக்கப்பட்டனர். நால்வருடைய ஒப்புதல் காணொளியிலேயே பதிவானது. அதற்கு முன் பல மணிநேரம் நடந்த விசாரணை பதிவாகவில்லை. ஆகவே நீதிமன்றம் பார்த்தது கடைசிக் காட்சியை மட்டுமே. சம்பவ இடத்தில் எடுத்த டி.என்.ஏ. ஐவரில் எவருடையதோடும் பொருந்தவில்லை, இருந்தும் தண்டித்தார்கள். 2002இல்தான் உண்மைக் குற்றவாளி தானே முன்வந்து சொல்ல, டி.என்.ஏ.யும் அதை உறுதிப்படுத்த, தண்டனைகள் நீக்கப்பட்டன. அந்த மனிதன் 1989இல் அந்தத் தாக்குதலுக்குப் பிறகும் வெளியே திரிந்து மேலும் பெண்களைத் தாக்கினான். அவர்களில் ஒருவரைக் கொன்றான். பையன்களின் கையெழுத்தோடு தேடல் நின்றிருக்காவிட்டால் அந்தப் பெண் இன்று உயிரோடு இருந்திருக்கக்கூடும். எங்கள் ஊரிலும் அதே திருடன்தான் இன்னொரு கடையை உடைத்தான். பொய் ஒப்புதலால் கெடுவது குற்றம் சாட்டப்பட்டவனின் வாழ்வு மட்டும் என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் குற்றவியல் நடைமுறை இங்கிலாந்தைப் பின்பற்றியது. நம் இறுதி மேல்முறையீடும் இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்கே போகிறது. அந்த இங்கிலாந்து 1972இல் மாக்ஸ்வெல் கான்ஃபெய்ட் என்பவரின் கொலை வழக்கில் மூன்று பையன்களைத் தண்டித்தது. அவர்களில் மூத்தவனுக்கு வயது 18, மனவளர்ச்சியோ எட்டு வயதுப் பிள்ளைக்குரியது. சான்றாக இருந்தது அவர்களுடைய ஒப்புதல்தான். 1975இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. ஆனால் இங்கிலாந்து அத்தோடு விட்டுவிடவில்லை. விசாரணை அறிக்கை வந்தது, அரசு ஆணையம் அமைந்தது, 1984இல் காவல்துறை மற்றும் குற்றவியல் சாட்சியச் சட்டம் நிறைவேறியது, விசாரணைகளை ஒலிப்பதிவு செய்வது கட்டாயமானது. பர்மிங்ஹாம் குண்டுவெடிப்பு வழக்கில் 1975இல் ஆயுள் தண்டனை பெற்ற அறுவர் 1991இல் நிரபராதிகளாக வெளியே வந்த பிறகு, தவறான தண்டனைகளை மறுஆய்வு செய்யத் தனி ஆணையமே 1997இல் செயல்படத் தொடங்கியது. அவர்கள் தந்த சட்டத்தை வைத்துக்கொண்டிருக்கும் நாம், அவர்கள் கற்ற பாடத்தை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? இங்கேயும் காவல் விசாரணைக்கு அந்த 1984ஆம் ஆண்டுச் சட்டம் போன்ற ஒன்று பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பேசப்பட்டு வருகிறது. ஆட்சிகள் மாறியும் பேச்சு மாறவில்லை.

தமிழர்களாகிய எங்களுக்கு இதில் இன்னும் பழைய நினைவு ஒன்று உண்டு. 1855இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரித்த ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி நிறுத்தும் அண்ணாந்தாளும் வரி வசூலுக்கும் குற்ற ஒப்புதலுக்கும் வழக்கமாகப் பயன்பட்டன என்று அது பதிவு செய்திருக்கிறது. எங்கள் முன்னோரில் பலர் அந்த மாகாணத்திலிருந்து கப்பலேறி இங்கே ‘ஆப்ரவாசி காட்’ என்னும் போர்ட் லூயிஸ் துறையில் வந்திறங்கியதும் அந்த ஆண்டுகளில்தான். இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் எதையும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று விதித்தது. அந்த விதி இன்றும் இந்தியச் சட்டத்தில் இருக்கிறது. சட்டம் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே தமிழ்நாட்டில் 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்ததை நாங்களும் இங்கிருந்து வேதனையோடு படித்தோம். ஆனால் அடித்து வாங்கிய காகிதம் நீதிமன்றத்தில் செல்லாது என்றால், அடிப்பதற்கான முதன்மையான காரணமே குறைந்துவிடும்.

நம் அரசமைப்பின் ஏழாம் பிரிவு மனிதத்தன்மையற்ற நடத்துதலைத் தடை செய்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் மொரீசியஸ் 1992இல் இணைந்தது. அதன் 15ஆம் விதி, சித்திரவதையால் பெறப்பட்ட வாக்குமூலத்தை எந்த நடவடிக்கையிலும் சான்றாக ஏற்கக் கூடாது என்கிறது. அரசு அலுவலர் செய்யும் சித்திரவதை நம் குற்றவியல் தொகுப்பில் தனிக் குற்றம். காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கும் சுதந்திர ஆணையமும் 2018 முதல் இயங்குகிறது. இத்தனையும் இருக்கும்போதே, 2022இல் காவலர்கள் கைதிகளைத் துன்புறுத்தும் காணொளிகள் வெளிவந்து நாடு முழுவதும் பார்த்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், வடக்கிலுள்ள ஒரு விடுதியில் அயர்லாந்துப் பெண் கொல்லப்பட்ட வழக்கில், ஒப்புதல் வாக்குமூலம் தன்னை அடித்து வாங்கப்பட்டது என்று ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னார். 2012 சூலையில் ஜூரிகள் அவரையும் உடன் நின்ற மற்றவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தனர். அந்தக் கொலையைச் செய்தது யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. அந்தக் குடும்பத்துக்கும் நாம் நீதி தரவில்லை. அவ்வழக்கில் ஜூரிகள் இருந்தார்கள், திறமையான வழக்கறிஞர்கள் இருந்தார்கள், வெளிநாட்டுச் செய்தியாளர்கள் இருந்தார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக நிற்கும் கொத்தனார் உதவியாளுக்கு யார் இருக்கிறார்கள்?

காவலர்களின் பணி எவ்வளவு கடினமானது என்பதை அறியாமல் எழுதவில்லை. செயற்கைப் போதைப் பொருள்களால் எங்கள் ஊரிலேயே பிள்ளைகள் சீரழிவதைப் பார்க்கிறேன்; கடுமையாக நடந்துகொள்ளுங்கள் என்று மக்களே கேட்பதும் எனக்குத் தெரியும். களத்தில் இறங்கிச் சான்று தேடப் பயிற்சியும் ஆளும் கருவியும் வேண்டும். ஒப்புதல் வாங்க ஓர் இரவு போதும். அந்தச் சுலபமான வழி திறந்திருக்கும் வரை கடினமான வழியில் போக யாருக்கும் தேவை வராது. நேர்மையாக விசாரிக்கும் காவலருக்கும் பதிவுக் கருவிதான் பாதுகாப்பு. அவர்மேல் பொய்ப் புகார் வந்தால் அதைக் காட்டி அவர் தன்னைக் காத்துக்கொள்ளலாம்.

1871இல், காவலர்கள் கண்டபடி பிடித்துச் செல்வதையும் அனுமதிச் சீட்டுக் கொடுமைகளையும் எடுத்துச் சொல்லி இந்தத் தீவில் கூலி ஒப்பந்தக் காலத்தை முடித்திருந்த 9,401 பழைய குடியேறிகள் ஒரு விண்ணப்பத்தில் ஒப்பமிட்டார்கள். பிறர் ஆட்சியில் இருந்த அந்த நாளிலேயே அதன் பேரில் அரச ஆணையம் அமைக்கப்பட்டு விசாரணை நடந்தது. சுதந்திர நாட்டின் குடிமக்களாக நாங்கள் கேட்பது அதைவிடப் பெரியதல்ல.

காவல் நிலையத்துக்குள் ஒருவர் கால் வைத்த நேரம் முதல் வெளியேறும் வரை, அவரிடம் பேசப்படும் அனைத்தும் காணொளியாகப் பதிவாக வேண்டும் என்று சட்டம் செய்யுங்கள். கடைசியில் கையெழுத்திடும் பகுதியை மட்டும் பதிவு செய்யும் ஏற்பாட்டை நாங்கள் ஏற்க மாட்டோம். முழுப் பதிவு இல்லாத ஒப்புதல் சான்றாகக் கூடாது. முதல் கேள்விக்கு முன்பே வழக்கறிஞர் உடனிருக்க வேண்டும். வசதியற்றவருக்கு அரசு செலவில் அவர் கிடைக்க வேண்டும். 18 வயது நிறையாதவர்களையும் புரிந்துகொள்ளும் திறன் குறைந்தவர்களையும், காவல்துறையைச் சேராத பொறுப்பான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் விசாரிக்கக் கூடாது. காவலில் எடுக்கும்போதும் விடும்போதும் காவல்துறையைச் சாராத மருத்துவர் பரிசோதித்துக் குறிப்பு எழுத வேண்டும்.

ஒப்புதல் மட்டுமே சான்றாக உள்ள வழக்கில் எந்த நீதிமன்றமும் தண்டிக்கக் கூடாது என்று விதியுங்கள். வழக்கறிஞர் இல்லாத ஒருவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும், வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது, அதைத் தவிர வேறு என்ன சான்று இருக்கிறது என்று நீதிபதி கேட்டுப் பதிவு செய்வது கடமையாக வேண்டும். தற்காலிகக் குற்றச்சாட்டின் பேரில் ஒருவரை அடைத்து வைத்துவிட்டுப் பிறகு சான்று தேடும் வழக்கத்துக்கும் முடிவு கட்டுங்கள்.

எந்த நிலை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவரும், புதிய சான்று கிடைக்கும்போது, காலக்கெடு இன்றி அணுகக்கூடிய சுதந்திரமான மறுஆய்வு அமைப்பு ஒன்றை ஏற்படுத்துங்கள். குடியரசுத் தலைவரின் கருணை அதிகாரம் இருக்கிறதே என்று சிலர் எனக்கு யோசனை சொன்னார்கள். குற்றம் செய்தவருக்குத்தான் மன்னிப்பு தேவை. என் மாணவனுக்கு வேண்டியது அந்தத் தீர்ப்பின் நீக்கம், அவன் பெயரில் கறையில்லாத நன்னடத்தைச் சான்றிதழ், சிறையில் கழித்த காலத்துக்கு இழப்பீடு. அவனைப் போன்ற மற்றவர்களுக்கும் இதுவே வேண்டும்.

அவனுடைய வழக்கின் ஆவணங்களையும், இரண்டு வாக்குமூலங்களின் நகல்களையும், கடைக்காரரும் கோவில் நிர்வாகிகளும் கையெழுத்திட்ட உறுதிமொழிகளையும் இம்மடலோடு தனி உறையில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மேலே கேட்டவற்றில் எவற்றைச் சட்டமாக்குவீர்கள், எப்போது பேரவையில் வைப்பீர்கள், எவற்றை ஏற்க மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்பதை, பேரவையின் நடப்புக் கூட்டத்தொடர் முடிவதற்குள் எழுத்துமூலம் பொதுமக்களுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை ஒருவர்,
மொரீசியஸ்